இணைச்சீருக்காகப் போட்ட மாத்திரை

ஓய்வு பெற்ற டாக்டரைப் பேசக் கூப்பிடுகிறவர்கள் எல்லோரும் வெற்றிக் கதைதான் கேட்கிறார்கள். அது எதற்கு என்று எனக்குப் புரிவதில்லை. கைக்குழந்தையோடு அப்பாவும் அம்மாவும் சிரித்துக்கொண்டு நிற்கும் படம் கோயம்புத்தூரில் அவிநாசி சாலை நெடுகப் பலகை பலகையாக இருக்கிறது. வேண்டுமென்றால் போகிற வழியில் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். கருத்தரிப்புச் சிகிச்சைத் துறைக்குப் புதிதாக வந்திருக்கும் டாக்டர்களான உங்களுக்கு நான் சொல்ல நினைப்பது, ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த ஒரு சிகிச்சையை நடுவில் நிறுத்தியதைப் பற்றி.

மருந்தின் அளவுகளை நான் சொல்லப்போவதில்லை. அவை மாறிக்கொண்டே இருக்கின்றன. நான் படித்த காலத்து அளவுகளைச் சொன்னால் நீங்கள் மரியாதைக்காகச் சிரிக்காமல் இருப்பீர்கள், அவ்வளவுதான். அடிப்படை மட்டும் மாறவில்லை. உறைய வைத்த கருவை உள்ளே வைப்பதற்கு முன்னால் கருப்பையை நாம் ஹார்மோன் கொடுத்துத் தயார் செய்கிறோம். முதலில் ஈஸ்ட்ரோஜன் கொடுத்து உள்படலத்தை வளர்க்கிறோம். அது போதுமான அளவு வளர்ந்த பிறகு புரோஜெஸ்டிரானைத் தொடங்குகிறோம். தொடங்கிய நாளிலிருந்து கணக்கு ஓட ஆரம்பிக்கிறது. கருவின் வயதும் அந்தக் கணக்கும் பொருந்துகிற நாளில் கருவை வைக்கிறோம்.

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த பெரிய டாக்டர் அதிகம் பேச மாட்டார். பேசினால் அது திட்டாகத்தான் இருக்கும். ஒரு நாள் நான் அவசரப்பட்டபோது கையுறையைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "ஈஸ்ட்ரோஜன் ஊட்டக் கட்டும்மா. புரோஜெஸ்டிரான் கதவத் திறக்கும். அது ரொம்ப நேரம் திறந்திருக்காது. எப்பத் திறந்துச்சுன்னு தெரியாம விருந்தாளிய அனுப்பிப்போட்டு, அப்பறம் வரலைன்னு அழுகக் கூடாது." பாடப் புத்தகத்தில் பல பக்கம் படித்தும் மண்டையில் ஏறாதது அன்றைக்கு ஏறியது.

இப்போது ஒரு மாத்திரையைப் பற்றிச் சொல்ல வேண்டும். உங்களில் யாருக்கும் அது புதிதல்ல. கல்யாணம், நோம்பி என்கிற ஊர்த் திருவிழா, கோயில் பயணம் என்று ஏதாவது வந்தால், மாதவிலக்கைச் சில நாள் தள்ளிப்போடுவதற்காகப் பெண்கள் போட்டுக்கொள்கிற மாத்திரை. மாதவிலக்கை எங்கள் பக்கத்தில் 'தூரம்' என்போம். தூரமான பெண் விசேஷத்தில் நிற்கக் கூடாது என்ற வழக்கம் கல்லூரிக்குப் போய் வந்த வீடுகளிலும் இருக்கிறது. மாரியம்மன் நோம்பி நெருங்கினால் மருந்துக்கடைக்காரர் இந்த மாத்திரையைக் கைக்கு எட்டுகிற தட்டில் எடுத்து வைத்துவிடுவார். டாக்டர் சீட்டு கேட்க மாட்டார். அம்மா மகளுக்கு வாங்குவார், அக்கா தங்கைக்கு வாங்குவார், பக்கத்து வீட்டுக்காரர் மிச்சத்தை இரவல் கொடுப்பார். யாருடைய கணக்கிலும் அது மருந்து இல்லை. ஆனால் அது புரோஜெஸ்டிரானின் நெருங்கிய பங்காளி. நாம் கதவைத் திறப்பதற்கு முன்னாலேயே அது போய்த் திறந்துவிடும்.

இனி நடந்தது. பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

நளினி சூலூர்க்காரரைக் கல்யாணம் செய்து வந்தவள். பிறந்த வீடு அவிநாசி. கணவர் மூர்த்தி சொந்தமாக லேத் பட்டறை வைத்திருந்தார். நல்ல மனிதர், கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்வார். எல்லா முறையும் அவர்களோடு மூர்த்தியின் அம்மா தெய்வாத்தாளும் வருவார். அந்த அம்மாளுக்கு என் அறையில் உட்காருவதற்கு ஒரு நாற்காலி உண்டு. அதில் வேறு யாராவது உட்கார்ந்திருந்தால் எழுந்திருக்கும் வரை பார்த்துக்கொண்டே நிற்பார். நானும் ஒரு முறை அந்தப் பார்வைக்குப் பயந்து எழுந்திருக்கிறேன்.

நளினிக்கு முன்பு இரண்டு முறை கரு வைத்தோம். இரண்டும் நிற்கவில்லை. மிச்சம் இருந்தது ஒரே ஒரு கரு. அவளுடைய கருமுட்டை இருப்பு மிகவும் குறைந்துவிட்டது. இன்னொரு முறை ஊசி போட்டு முட்டை எடுத்தாலும் கரு கிடைக்கும் என்று சொல்ல முடியாது. அதை அவளிடம் மறைக்காமல் சொல்லியிருந்தோம். குளிர்க்கலத்தில் இருந்த அந்த ஒன்றுதான் அவளுக்குக் கடைசி வாய்ப்பு என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

ஈஸ்ட்ரோஜன் கொடுத்து முடித்து, புரோஜெஸ்டிரான் தொடங்கலாமா என்று பார்க்கும் ஸ்கேனுக்கு அவள் வந்தாள். அப்போது என்னோடு வேலை பார்த்த இளம் டாக்டர் ஸ்கேன் செய்தார். திறமைசாலி, கையும் சுத்தம். உள்படலத்தின் தடிமன் நன்றாக இருக்கிறது, ரத்தத்தில் புரோஜெஸ்டிரானும் குறைவாகத்தான் இருக்கிறது, அதனால் இன்றே தொடங்கலாம் என்றார். எண்கள் எல்லாம் அவர் சொன்னபடிதான் இருந்தன. நானும் சரி என்று சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் போயிருப்பேன். எதற்கோ திரையைப் பார்த்தேன்.

ஈஸ்ட்ரோஜனில் மட்டும் வளர்ந்த படலம் ஸ்கேனில் எப்படித் தெரியும் என்று உங்களுக்குத் தெரியும். நடுவே கோடு, இரண்டு பக்கமும் கோடு, இடையில் கறுப்பாக இருக்கும். நளினியுடையது அப்படி இல்லை. முழுக்க வெளுத்துப்போய்த் தெரிந்தது. தடிமன் சரிதான், ஆனால் அது ஏற்கெனவே புரோஜெஸ்டிரானைப் பார்த்துவிட்ட படலம் போல இருந்தது. ரத்தத்திலோ புரோஜெஸ்டிரான் இல்லை. இரண்டில் ஏதோ ஒன்று பொய் சொல்கிறது.

"வேற ஏதாச்சும் மருந்து சாப்பிட்டியா நளினி?" என்று கேட்டேன்.

"இல்லீங்க டாக்டர். நீங்க குடுத்தது மட்டுந்தானுங்க."

அவள் பொய் சொல்லவில்லை. அது எனக்கு அப்போதே தெரிந்தது. பொய் சொல்கிறவர்கள் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொல்வார்கள். இவள் கேட்டவுடன் சொன்னாள். இளம் டாக்டர் என்னைப் பார்த்தார். வெளியே இன்னும் பல பேர் காத்திருந்தார்கள். ஸ்கேன் மேஜையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டிருந்த நளினியின் கையில் மருதாணி இருந்தது. சிவந்து, ஓரத்தில் மங்க ஆரம்பித்திருந்தது.

"கை நல்லாச் செவந்திருக்கே. என்ன விசேஷம்?"

"தம்பி கல்யாணமுங்க டாக்டர். போன வாரம் அவிநாசியில. இணைச்சீர் நாந்தானுங்க செஞ்சேன்." அந்த மேஜையில் படுத்துக்கொண்டு அவள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

சென்னையிலிருந்தும் மதுரையிலிருந்தும் வந்திருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் கொங்குக் கல்யாணத்தில் மாப்பிள்ளைக்கு அவனுடைய அக்காவோ தங்கையோ செய்கிற சீர் அது. கூறைச்சேலையின் ஒரு முனை தம்பியிடம், மறு முனை அக்காவிடம் இருக்கும். கூடப் பிறந்தவளுக்கு உன் கல்யாணத்துக்குப் பிறகும் பாத்தியதை உண்டு என்று ஊர் முன்னால் சொல்வதுதான் அதன் பொருள். இணைச்சீர்காரி அன்று கல்யாணப் பெண்ணுக்கு அடுத்தபடி. அவள் தூரமாகிவிட்டால் வேறொருத்தியைத் தேட வேண்டும்.

எனக்கு உடனே பிடிபட்டது. ஆனால் பக்கத்தில் மூர்த்தி நின்றுகொண்டிருந்தார். பழைய ஸ்கேன் படங்கள் வேண்டும், வண்டியிலிருந்து எடுத்து வாருங்கள் என்று அவரை அனுப்பினேன். தெய்வாத்தாள் வெளியே காத்திருந்தார். கதவைச் சாத்தச் சொல்லிவிட்டுக் கேட்டேன்.

"கல்யாணத்துக்குத் தூரமாயிரக் கூடாதுன்னு எதையாச்சும் போட்டுக்கிட்டியா கண்ணு?"

அவள் என்னையே பார்த்தாள். "அது மருந்துங்களா டாக்டர்?"

இந்த ஒரு வரிக்காகத்தான் இவ்வளவு நேரம் பேசினேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஈஸ்ட்ரோஜன் சாப்பிடும் வரை தூரமாகாது என்று நாங்கள் அவளிடம் சொல்லியிருந்தோம். ஆனால் கல்யாணத்துக்குச் சில நாள் முன்னால் லேசாகக் கறை பட்டிருக்கிறது. சில பேருக்கு அப்படி ஆகும். அவள் பயந்துபோய் அந்த மாத்திரையைத் தொடங்கியிருக்கிறாள். கல்யாணம் முடிந்து வீடு திரும்பும் வரை போட்டிருக்கிறாள். அது வேறு வகை ஹார்மோன் என்பதால் நம் ரத்தப் பரிசோதனை அதைக் கண்டுகொள்ளாது. படலம் கண்டுகொண்டது.

"எங்களுக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாமில்ல?"

"கல்யாண ஊட்டுல சுத்தியும் ஆளுங்க டாக்டர். இது எல்லாரும் போடறதுதானுங்களே, இதுக்குப் போயி எதுக்குன்னு இருந்துபோட்டேன்."

இந்த முறை நிறுத்த வேண்டியிருக்கும், எல்லா மருந்தையும் விட்டுவிட்டு, தூரமான பிறகு அடுத்த மாதம் முதலிலிருந்து ஆரம்பிக்கலாம் என்றேன். அவள் முகம் மாறியது. மாமியாருக்குப் பயப்படுகிறாள் என்று நினைத்தேன். சிகிச்சை நடக்கும்போது பிறந்த வீட்டுக் கல்யாணத்துக்குப் போய்க் காரியத்தைக் கெடுத்துக்கொண்டாள் என்று தெய்வாத்தாள் ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவார் என்று என் மனதில் ஒரு கதையை ஓட்டிவிட்டேன். முப்பது நிமிடம் கிடைத்தால் ஒவ்வொரு மாமியாரையும் வில்லியாக்கிவிடுகிற பழக்கம் நம் துறையில் எல்லோருக்கும் உண்டு, உங்களுக்கும் வரும்.

"அத்தைக்குப் பயப்படறியா?"

"பயமில்லீங்க டாக்டர்." எழுந்து உட்கார்ந்தாள். "அவிங்கதானுங்க மாத்திரைய வாங்கியாந்து குடுத்தாங்க."

பிறகு மளமளவென்று சொன்னாள். தம்பிக்குக் கல்யாணம் பேசி முடித்ததும், அவளுடைய பெரியம்மா ஒருவர், குழந்தை இல்லாதவள் இணைச்சீர் செய்ய வேண்டாம், இரண்டு பிள்ளை பெற்ற ஒன்றுவிட்ட அக்கா செய்யட்டும் என்று சொல்லியிருக்கிறார். நளினியின் அம்மா வாயைத் திறக்கவில்லை. சம்பந்தி என்ற முறையில் உட்கார்ந்திருந்த தெய்வாத்தாள்தான் எழுந்து, "கூடப் பொறந்தவ குத்துக்கல்லாட்டம் இருக்கறப்ப ஒண்ணுவிட்டவ எதுக்குங்? கொழந்தை இல்லீனா அக்கா இல்லீன்னு ஆயிருமா? என்ற மருமகதான் செய்வா. இல்லீனா நாங்க யாரும் வரலீங்க" என்று எல்லோர் முன்னாலும் சொல்லியிருக்கிறார். அப்படிச் சண்டை போட்டு வாங்கிய இடம். கல்யாணத்துக்கு நான்கு நாள் முன்னால் மருமகள் கறை பட்டது என்று வந்து நின்றால் அந்த அம்மாள் என்ன செய்வார்? நேராக மருந்துக்கடைக்குப் போயிருக்கிறார்.

"டாக்டர், நிறுத்த வேண்டாமுங்க," என்றாள் நளினி. "இன்னைக்கே மருந்த ஆரம்பிச்சு, சொன்ன நாள்லயே கருவ வெச்சுருங்க. நிக்கலீனா நிக்கலீன்னு போவுது. முந்தி ரெண்டு தடவையும் அப்படித்தானுங்களே போச்சு. அத்தைக்கு மட்டும் தெரிய வேண்டாம். தெரிஞ்சா அவிங்க சோறு திங்க மாட்டாங்க."

கடைசிக் கரு. அதை ஒரு மூதாட்டியின் மன நிம்மதிக்காகத் தூக்கிக் கொடுக்கத் தயாராக இருந்தாள். அவள் கேட்டதில் ஒரு கணக்கும் இருந்தது. வைத்த கரு நிற்கவில்லை என்றால் நம் துறையில் யாரும் யாரையும் கேள்வி கேட்க மாட்டார்கள். வைக்கிற கருவெல்லாம் நிற்பதில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். நிறுத்தினால்தான் ஏன் என்று கேட்பார்கள்.

இளம் டாக்டர் என்னை ஓரமாக அழைத்துப் போனார். அவருடைய வாதத்திலும் நியாயம் இருந்தது. சில மாத்திரைகள்தானே, படலம் நிச்சயமாக மாறிவிட்டது என்று எப்படிச் சொல்ல முடியும், புரோஜெஸ்டிரானைக் கொஞ்சம் கூட்டிக் கொடுத்துப் பார்க்கலாமே, வேறு ஓரிரண்டு ஹார்மோன்களையும் சேர்க்கலாமே என்றார். நோயாளியே கேட்கிறாள் என்பதையும் சொன்னார்.

நிச்சயமாகச் சொல்ல முடியாது என்பது உண்மைதான். எனக்கு இருந்தது சந்தேகம் மட்டும். ஆனால் சந்தேகம் வரும்போது நான் கேட்டுக்கொள்கிற கேள்வி ஒன்று உண்டு. இதில் காத்திருக்கக்கூடியது எது? கரு காத்திருக்கும். உறைந்தது உறைந்தபடி அடுத்த மாதமும் இருக்கும், அடுத்த வருடமும் இருக்கும். உருக்கி வைத்துவிட்டால் திரும்ப எடுக்க முடியாது. காத்திருக்க முடியாமல் இருந்தது நாங்கள்தான். சேர்ப்பதற்கு நம்மிடம் எப்போதும் இன்னொரு ஊசி, இன்னொரு மாத்திரை இருக்கிறது. பலன் கூடும் என்று சொல்லிச் சேர்த்துக்கொண்டே போகலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். ஒரு மாதம் எதையும் கொடுக்காமல் இருப்பதற்குத்தான் நமக்குக் கை வராது. அன்று அவருக்கும் வரவில்லை, எனக்கும் எளிதாக வரவில்லை.

நளினியிடம் திரும்பிப் போய், "கருவ வெக்க மாட்டேன். உங்க அத்தை மனசு நோகக் கூடாதுங்கறது சரி, அதுக்கு விலை இது இல்ல. ஆனா காரணத்த நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன், அது உன்னோடது" என்றேன். அவள் அழுதாள். நான் தடுக்கவில்லை.

மூர்த்தி படங்களோடு வந்தார். தெய்வாத்தாளையும் சேர்த்து மூவரையும் என் அறைக்குக் கூப்பிட்டேன். கருப்பையின் உள்படலம் நாம் எதிர்பார்த்த பக்குவத்தில் இல்லை, இந்த மாதம் வேண்டாம், அடுத்த மாதம் பார்க்கலாம் என்று சொன்னேன். அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. மூர்த்தி, "சரிங்க," என்றார். தெய்வாத்தாள் மட்டும், "கல்யாணத்துல அலைஞ்சு திரிஞ்சதாலயாங்க?" என்று கேட்டார்.

"அலைஞ்சதால ஒண்ணும் இல்லீங்கம்மா," என்றேன். அதுவும் உண்மை.

இத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் அடுத்த வாரம் சூலூரில் மாரியம்மன் நோம்பி. மருந்தை நிறுத்தினால் நளினி சரியாக அந்தச் சமயத்தில்தான் தூரமாவாள். அந்த அம்மாள் மறுபடியும் அதே அன்போடு அதே கடைக்குப் போவார். நளினி வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார். அதனால் எல்லோருக்கும் பொதுவாகச் சொல்வது போலச் சொன்னேன். இனிமேல் என்னைக் கேட்காமல் தலைவலி மாத்திரை, நாட்டு மருந்து, கசாயம், தூரம் தள்ளிப்போடுகிற மாத்திரை, சத்து டானிக் எதுவுமே கொடுக்கக் கூடாது என்றேன். முக்கியமானதை நடுவில் வைத்து வேகமாகச் சொல்லிவிட்டேன். ரொம்பச் சாமர்த்தியம் என்று நினைப்பு.

எழுந்து கதவு வரை போன தெய்வாத்தாள் திரும்பி வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"சித்தெ இருங்க டாக்டரம்மா. நடுவால ஒண்ணு சொன்னீங்களே, தூரம் தள்ளிப்போடறதுன்னு. அத நாந்தானுங்க வாங்கிக் குடுத்தேன். அதனாலதான் நிறுத்தறீங்களா?"

அவர் என்னைத்தான் கேட்டார். ஆனால் பதில் என்னுடையது அல்ல என்று சற்று முன்புதான் ஒருத்திக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். நான் நளினியைப் பார்த்தேன். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் எல்லோரும் நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம். அடுத்த வாரமே அந்த மாத்திரை மறுபடியும் தண்ணீர் டம்ளரோடு வந்து நிற்கலாம். அந்தச் சில நொடிகளை என்னால் வேகமாகக் கடத்த முடியவில்லை. வாயை மூடிக்கொண்டு காத்திருந்தேன்.

நளினி மாமியாரின் நாற்காலிக்குப் பக்கத்தில் போய் நின்றாள். "கரு பத்திரமா இருக்குதுங்க அத்தை. எடுக்கவே இல்ல. அடுத்த மாசம் வெக்கலாம்னு டாக்டர் சொல்லீட்டாங்க."

தெய்வாத்தாளுக்கு அது போதுமானதாக இருந்தது. "அப்ப என்னாலதான்," என்றார்.

"மாத்திரையாலதாங்க," என்றேன் நான். "உங்க மேல தப்பில்ல. என்ன மருந்து சாப்பிடறேன்னுதான் நாங்க கேட்டோம். இந்த மாத்திரையப் பேர் சொல்லிக் கேட்டிருக்கோணும்."

அவர் அதைக் காதில் வாங்கவில்லை. மருமகளின் அழுத முகத்தைப் பார்த்தே மிச்சத்தையும் ஊகித்துவிட்டார். "உனக்கு முன்னாடியே தெரியும். எனக்குத் தெரியக் கூடாதுன்னு, பரவால்லீங்க வெச்சுருங்கன்னு டாக்டர்கிட்டச் சொன்னியாக்கும்?" நளினி தலையைக் குனிந்துகொண்டாள். "ஏன் அம்மணி, உனக்குப் புத்தி கித்தி கெட்டுப்போச்சா? நான் இன்னும் எத்தன வருசத்துக்கு இருக்கப்போறேன்? எனக்காக அதப் போயி..." நளினியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். மூர்த்தி மட்டும், "என்ன மாத்திரைம்மா?" என்று கேட்டார். யாரும் அவருக்குப் பதில் சொல்லவில்லை. காரில் போகும்போது சொல்லியிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

அடுத்த வாரம் நளினி தூரமானாள். நோம்பி அன்று அவள் வீட்டில் இருந்தாள். தெய்வாத்தாளும் அந்த வருடம் மாவிளக்கு எடுக்காமல் அவளோடு வீட்டிலேயே இருந்துவிட்டார் என்று பிறகு தெரிந்தது. புதிதாக ஈஸ்ட்ரோஜனைத் தொடங்கினோம். அந்த மாதம் அந்த அம்மாள் எங்களைப் படாதபாடு படுத்தினார். மஞ்சள் பால் கொடுக்கலாமா, கோயில் தீர்த்தம் கொடுக்கலாமா, எள்ளுருண்டை தின்னலாமா என்று போன் வந்துகொண்டே இருந்தது. எங்கள் நர்ஸ் ஒரு நாள், "தண்ணி தாராளமாக் குடுங்கம்மா," என்று சொல்லிவிட்டு வைத்தாராம்.

இம்முறை ஸ்கேனில் படலம் எப்படி இருக்க வேண்டுமோ அப்படி இருந்தது. அந்த மாத்திரையைப் போடவில்லையே என்று நானே பேர் சொல்லிக் கேட்டேன், தனியாகவும் கேட்டேன், மாமியாரை வைத்துக்கொண்டும் கேட்டேன். புரோஜெஸ்டிரானைத் தொடங்கினோம். ரத்தத்தில் அது வேண்டிய அளவுக்கு ஏறியிருக்கிறதா என்று பார்த்தோம், ஏறியிருந்தது. கருவை உருக்கியபோது அது நல்லபடியாகப் பிழைத்து வந்தது. வைப்பதிலும் ஒரு சிக்கலும் இல்லை. என் வேலைக் காலத்தில் இவ்வளவு ஒழுங்காக அமைந்த சிகிச்சைகள் குறைவு.

நிற்கவில்லை.

இப்படிப்பட்ட முடிவை நான் போனில் சொல்வதில்லை. மூவரும் வந்தார்கள். சொன்னேன். மூர்த்தி சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நளினி தலையை மட்டும் அசைத்தாள், அவளுக்கு முன்பே தெரிந்திருந்தது போல. எனக்கும் தாங்கவில்லை. எத்தனையோ பேரிடம் இதே செய்தியைச் சொல்லிப் பழகியவள்தான், இருந்தாலும் அன்று மேஜையில் இருந்த பேனாவை எடுத்து எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன்.

தெய்வாத்தாள்தான் பேசினார். "டாக்டரம்மா, இந்தத் தடவ நாங்க எல்லாம் சரியாத்தானுங்க செஞ்சம்?"

"எல்லாம் சரியாச் செஞ்சீங்க. ஒரு குறையும் இல்லீங்க."

"அப்பறம் ஏனுங்க நிக்கல?"

"தெரியலீங்கம்மா," என்றேன்.

அவர் என் முகத்தை நெடுநேரம் பார்த்தார். ஒரு முறை என் சாமர்த்தியத்தைக் கண்டுபிடித்தவர். இந்த முறையும் ஏதாவது ஒளித்து வைத்திருக்கிறேனா என்று தேடுகிறார் என்று எனக்குப் புரிந்தது. தேடட்டும் என்று நானும் கண்ணை எடுக்காமல் உட்கார்ந்திருந்தேன். என்னிடம் ஒளிக்க எதுவும் இல்லை. அது அவருக்குத் தெரிந்த பிறகுதான் அழ ஆரம்பித்தார். மாதக் கணக்கில் அடக்கி வைத்த அழுகை அது. நளினி அவர் பக்கத்தில் போய்த் தோளில் கை போட்டுக்கொண்டாள். அவளுக்கும் அப்போதுதான் கண்ணீர் வந்தது. இருவரும் ஒரே குழந்தைக்காக அழுதார்கள், ஒருவரிடம் ஒருவர் எதையும் மறைக்காமல் அழுதார்கள்.

முந்தைய மாதமே நளினி சொன்னபடி கருவை வைத்திருந்தால், அன்றும் அது நின்றிருக்காது. அன்றும் அவர் இதே கேள்வியைக் கேட்டிருப்பார். நானும் இதே தெரியலீங்கம்மாவைத்தான் சொல்லியிருப்பேன். அது பொய்யாக இருந்திருக்கும். நான் அடுத்த நோயாளியைப் பார்க்கப் போயிருப்பேன். நளினி அந்தப் பொய்யோடு, அதே சமையலறையில், அதே அத்தையோடு இருந்திருப்பாள்.

கொஞ்ச நேரம் கழித்துத் தெய்வாத்தாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். முதலில் மருமகளின் முகத்தைத்தான் துடைத்தார்.

"போயிட்டு வாரமுங்க டாக்டரம்மா," என்றார். பிறகு நளினியிடம், "எந்திரி அம்மணி. காத்தாலருந்து நீயும் ஒண்ணும் திங்கல, நானும் திங்கல. மொதல்ல எங்கயாச்சும் உக்காந்து சாப்பிடலாம் வா."